ஃபேன் ஓட்டைக்கு நான் தைச்ச உறை

என் தையல்ல இதுவரைக்கும் குறை சொன்னவங்க கிடையாது. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். எவனாவது ஒருத்தன் கடைக்கு வந்து, "யோவ் டெய்லரே, நீ போட்ட தையல் விட்டுப்போச்சுய்யா"ன்னு ஒரு தடவை கத்தியிருந்தா, நானும் கொஞ்சம் அடக்கமா இருந்திருப்பேன். என் பொண்டாட்டியும் ஒழுங்கா மூச்சு விட்டுக்கிட்டு இருப்பா. இப்பவும் விடுறா, இல்லேங்கல. ஓட்டைத் துருத்திய அமுக்கினா ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தத்தோட விடுறா.

அவளுக்கு வேலை எக்ஸ்ரே ஃபிலிம் கழுவுறது. பத்தொன்பது வருஷமா ஒரே கிளினிக், ஒரே இருட்டறை. நம்ம குளியலறைய விட ரெண்டு சாண் பெருசு, அவ்வளவுதான். படம் எடுக்கிறவர் ஃபிலிம டப்பாவோட கொடுப்பார். இவ உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டு, மங்கலான சிவப்பு பல்புல ஃபிலிம உருவி, கம்பிச் சட்டத்துல மாட்டி முதல் தொட்டியில முக்குவா. அது டெவலப்பர், படத்த வெளிய கொண்டார்ற மருந்து. அப்புறம் தண்ணி. அப்புறம் ஃபிக்சர், வந்த படம் அழியாம நிறுத்துற மருந்து. முதல் தொட்டியில கிடக்கிறப்ப வெளிச்சம் பட்டுச்சுன்னா ஃபிலிம் முழுக்கக் கறுத்துப் போயிடும். அதனால கதவுக்கு வெளிய, தலைக்கு மேல, ஒரு சிவப்பு லைட்டு வச்சிருக்காங்க. அது எரியும்போது டாக்டரே வந்தாலும் கதவத் தொடக் கூடாது.

கல்யாணமான புதுசுல நான் கேலி பண்ணுவேன். "எல்லார் நெஞ்சுக்குள்ளயும் என்ன இருக்குன்னு பாக்குற, என் நெஞ்சுக்குள்ள என்ன இருக்கு, சொல்லு பாப்போம்"பேன். "வேற என்ன, நூல்கண்டும் கொழுப்பும்தான்"னு சொல்லிட்டுச் சிரிப்பா. அவ சிரிச்சா பக்கத்துத் தெரு நாய் குரைக்கும். அப்படி ஒரு தொண்டை அவளுக்கு.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள் அழுதுக்கிட்டே வந்தா. அந்த அறையில மருந்து நெடிய வெளிய தள்ளுறதுக்கு ஒரு ஃபேன் ஓட்டை உண்டு. ஃபேன் என்னைக்கோ செத்துப்போச்சு, ஓட்டை மட்டும் இருக்கு. அது வழியா வெளிச்சம் கசிஞ்சு படமெல்லாம் சாம்பல் அடிச்சு வந்திருக்கு. டாக்டர் எல்லார் முன்னாடியும், "கண்ணு எங்க வச்சிருக்க?"ன்னு கேட்டுட்டாராம். "இதுக்கா அழுவுற, அசடு! அளவு மட்டும் எடுத்துட்டு வா"ன்னேன். கறுப்புத் துணி மூணு மடிப்பு, நடுவுல பஞ்சு, சுத்தி எலாஸ்டிக், ரெட்டைத் தையல். ராஜா வீட்டு மெத்தைக்குக் கூட நான் அப்படித் தைச்சதில்ல. மறுநாள் வந்து, "ஏங்க, ஊசிமுனை வெளிச்சம் கூட வரலங்க, டாக்டரே தொட்டுப் பாத்துட்டு அசந்துட்டார்"ன்னா. எனக்குத் தலைகால் புரியல. ஒரு வாரம் கடைக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் இதையே சொன்னேன்.

வெளிச்சம் வர்ற வழியத்தானே அடைச்சோம்னு நினைச்சேன். காத்து போற வழியும் அதுதான்னு இந்த மரமண்டைக்கு ஏறல.

முதல்ல தொண்டை கம்முச்சு. நாக்குல ஏதோ காசை வச்சு உறிஞ்சுற மாதிரி இருக்குன்னா. விரல் நுனியெல்லாம் வெடிச்சுது. கையுறை போட்டா ஃபிலிம் வழுக்குதுன்னு வெறுங்கையாலதான் முக்கி எடுப்பா. அவ சேலையில எப்பவும் புளிச்ச காடி நெடி அடிக்கும், அது பழகிப்போச்சு. ஆனா அவ நெஞ்சுல விசில் அடிக்க ஆரம்பிச்சதுதான் புதுசு. நாள் போகப் போக எந்த நெடியும் ஆகல. அடுப்புல எண்ணெய் காஞ்சா ஆகாது. சோப்பு ஆகாது. கடைசியில என் கடைக்குள்ள அவளால கால் வைக்க முடியல, புதுத்துணி வாசனை பட்டாலே மூச்சு இழுத்துக்கும். நான் வாசல்லயே சட்டைய மாத்திட்டுத்தான் அவ பக்கத்துல போறேன். கட்டின பொண்டாட்டிக்குப் புருஷன் வாசனையே விஷமாப் போச்சுங்க.

அந்த ஃபிக்சர் தண்ணிய என்ன பண்றாங்கன்னு ஒருநாள் போய்ப் பாத்தேன். பின்பக்கக் கால்வாயில சும்மா ஊத்துறாங்க. கால்வாய் மூடியோட இரும்பு கரும்புச் சக்கை மாதிரி உதிருது, ஓரத்துல ஒரு புல்லு முளைக்கல. இரும்புக்கே இந்தக் கதி. இவ தோலும் சதையும்தானே?

வேற ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் ஊதச் சொல்லி ஒரு கருவியில அளந்துட்டு, "அந்த ரூம்ல காத்து எப்படிப் போகுது?"ன்னு கேட்டார். அவ என்னைப் பாத்தா, நான் தரையப் பாத்தேன். "இன்னும் அங்க வேலை பாத்தா நான் பொறுப்பில்ல. முதல்ல அந்த ரூம விட்டு வெளிய வரச் சொல்லுங்க"ன்னு எழுதியும் கொடுத்தார்.

"விட்டுட்டு வாடி, கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம்"னு கெஞ்சினேன். "கடை வாசல்ல கூட உக்கார முடியாது, சமையல் பண்ண முடியாது. வேலையும் இல்லாம மூலையில உக்காந்து நான் என்னங்க பண்ணட்டும்?"னா. முன்னாடி மேஜையில பேர் எழுதுற பொண்ணு அடுத்த மாசம் கல்யாணமாகிப் போகுது, அந்த இடத்துக்கு மாத்துங்கன்னு கிளினிக் டாக்டர்கிட்ட கேட்டிருக்கா. உறையையும் ஒருநாள் கழட்டிப் பாத்தா. அன்னைக்கு ரெண்டு படம் கெட்டுது, திட்டு வாங்கி மறுபடி மாட்டிட்டா. புது ஃபேன் அடுத்த வாரம் வருதுன்னு டாக்டர் சொன்னார். அந்த அடுத்த வாரம் இன்னும் வந்தபாடில்ல.

வேற டாக்டர் எழுதிக் கொடுத்த கடுதாசிய கிளினிக் டாக்டர்கிட்ட நானே நீட்டினேன். டாக்டர் கெட்டவர்னு சொல்ல மாட்டேன், பிடிவாதக்காரர். "முன்னாடி எடுத்த உன் சம்சாரத்தோட நெஞ்சுப் படம் சுத்தமா இருக்கேப்பா. எல்லாம் மனப்பிரமை. இன்னொரு படம் எடுக்கட்டும். அதுல ஏதாவது தெரிஞ்சா உடனே மேஜைக்கு மாத்துறேன்"ன்னார். மூச்சுக்குழாய் சுருங்குறது இந்தப் படத்துல தெரியாதுன்னு அந்த இன்னொரு டாக்டர் சொன்னாரே, அது இவருக்குத் தெரியாதா? கேட்டேன். "நீ துணி வெட்டுறத நான் சொல்லித் தர்றேனா?"ன்னு எழுந்து போயிட்டார்.

அப்புறம் ஒருநாள் காலையில கிளம்பும்போது சாமி படத்துக்கு முன்னாடி அவ நின்ன நேரம் கொஞ்சம் அதிகம். "என்னடி வேண்டுதல்?"னேன். "இன்னைக்கு என் படம் எடுக்குறாங்க. அதுல ஒரு புள்ளியாவது தெரியணும்ங்க"ன்னா. நோய் இருக்கக் கூடாதுன்னு வேண்டுறவங்களப் பாத்திருக்கேன். இருக்கணும்னு வேண்டுனவ இவ ஒருத்திதான்.

அந்த அவசரத்துல, மூச்சு முட்டினா வாயில வச்சு இழுக்க அந்த வேற டாக்டர் கொடுத்த மருந்த வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டா. பதினோரு மணிக்குப் பாத்துட்டு எடுத்துக்கிட்டு ஓடினேன். மேஜைப் பொண்ணு, "அக்கா உள்ள இருக்காங்கண்ணே, லைட்டு எரியுது பாருங்க, உக்காருங்க"ன்னுச்சு. பெஞ்சுல ஏழு பேர் உக்காந்திருந்தாங்க. நானும் உக்காந்தேன். உக்காந்தேனே, பாவி!

உள்ள இருமல் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அந்த விசில். அப்புறம் ஒண்ணுமே கேக்கல. கதவத் தட்டினேன்.

"ஏம்மா, மருந்து கொண்டாந்திருக்கேன், திற."

"இருங்க... என் படம்... முதல் தொட்டியில... ரெண்டே நிமிஷம்..."

ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவுல ஒருத்தர் மாடி ஏறி இறங்கிடலாம். "படமாவது மண்ணாவது, திறடி!"ன்னு கத்தினேன். "லைட்டு எரியும்போது தட்டக் கூடாதுண்ணே"ன்னு அந்தப் பொண்ணு கையப் பிடிச்சுது. உள்ள ஏதோ சரிஞ்சு விழுந்துச்சு. நான் கையை உதறிட்டுக் கதவ உதைச்சேன். மூணாவது உதையில தாழ்ப்பாள் தெறிச்சுது.

தொட்டியில சாஞ்சு தரையில உக்காந்திருந்தா. உதடு நீலம் பாரிச்சுக் கிடந்துச்சு. ஒரு கை மட்டும் மேல, தொட்டிக்குள்ள, சட்டத்த விடாமப் பிடிச்சிருந்துச்சு. என்னை அவ பாக்கவே இல்ல. என் பின்னாடி இருந்து வந்த வெளிச்சம் தொட்டிக்குள்ள விழுறதத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. "மூடுங்க... கதவ..."ன்னு உதடு மட்டும் அசைஞ்சுது.

மருந்த வாயில வச்சு அமுக்கிட்டுத் தூக்கிட்டு வெளிய வந்தேன். டாக்டர் ஓடி வந்தார், ஆக்சிஜன் வச்சார், ஊசி போட்டார். அதுல குறை சொல்ல மாட்டேன். அரைமணி கழிச்சு நெஞ்சு ஏறி இறங்குறதப் பாத்த பிறகுதான் அவ பக்கத்துல இருந்து எழுந்தேன்.

நான் நேரா அந்த அறைக்குள்ள போனேன். என் உறையப் பிடிச்சு இழுத்தேன், வரல. அவ ஒருநாள் கழட்டின பிறகு சுத்தி ஆணி வேற அடிச்சிருக்காங்க. தையலப் பிரிக்கப் பாத்தேன், பிரியல. பல்லால கடிச்சேன். ஒரு இழை விடணுமே? ரெட்டைத் தையல். கடைசியில அங்க கிடந்த கத்தரிக்கோலால குத்திக் குத்திக் கிழிச்சேன். நெடி என் தொண்டையையும் அடைச்சுது. ஒத்தைக் கால்மணி என்னாலயே தாங்க முடியல. அவ நாலு வருஷம் தாங்கியிருக்கா.

திரும்பி வந்தப்ப டாக்டர் கட்டில் பக்கத்துல நின்னு அந்த ஃபிலிம ஜன்னலுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சிருந்தார். தாரு பூசின மாதிரி முழுக்கக் கறுப்பு.

"கெட்டுப்போச்சேப்பா. இத வச்சு நான் என்னத்த எழுத?"ன்னார். அப்புறம், பாவம், ஆறுதலாத்தான் சொன்னார், "சரி விடு. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு படம் எடுத்துக்கலாம்."

"அத யாரு டாக்டர் கழுவுறது?"ன்னு கேட்டேன்.

கட்டில்ல இருந்து அவதான் மெல்லக் கையத் தூக்கினா.