ஒல்லாந்தில் லீவு இல்லை

ஒல்லாந்து நாட்டில் கிறிஸ்துமஸ் இரண்டு நாள். ஈஸ்டரும் இரண்டு நாள். ஈஸ்டர் கழிந்து ஏழு வாரம் போனால் இன்னொரு பெருநாள் வரும், அதுவும் இரண்டு நாள். கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் இருந்துகொண்டு நாற்பது வருஷம் கொழுந்து பறித்த என் அம்மாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். எங்கள் கோயில் திருவிழா என்றைக்கு என்று பக்கத்துக் காம்பராவில் கேட்பாள். ஒல்லாந்து ராசாவின் பிறந்த நாளைக் கேட்டால் டக்கென்று சொல்வாள்.

காரணம் அக்கா. அக்கா என்றால் கூடப் படுத்து வளர்ந்த அக்கா இல்லை. நான் பிறப்பதற்கு நான்கு வருஷம் முன்னால், அப்பா காசநோயில் படுத்துக் கிடந்தபோது, அம்மாவிடம் பாலும் இல்லை, பால்மாவுக்கு வழியும் இல்லை. டவுனிலிருந்து வந்த ஒருத்தன், "வெள்ளக்காரவுங்க நல்லா வளப்பாங்க, படிப்பு முடிஞ்சதும் அனுப்பிருவாங்க" என்று சொல்லி மூன்று மாதப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனான். அம்மா கைநாட்டு வைத்தாள். பதினெட்டு வருஷம் காத்திருந்தாள். அதற்குப் பிறகும் காத்திருந்தாள்.

அப்படிப் போன பிள்ளைகளைத் தேடித் தருகிற சிலர் சில வருஷங்களுக்கு முன் தோட்டத்துக்கு வந்து, டி.என்.ஏ. ஒத்துப் பார்க்க அம்மாவின் எச்சிலைப் பஞ்சில் எடுத்துப் போனார்கள். எட்டு மாதம் கழித்துப் போனில் ஒரு முகம் வந்தது. அம்மாவின் நெற்றி, அம்மாவின் மூக்கு, தமிழ் மட்டும் ஒரு சொல் கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள். ஆக, இரண்டு பேருக்கும் வாய் நான்தான். அக்காவுக்கு வேலை நாட்களில் நேரமில்லை. அவர்கள் ஊர்ப் பெருநாள் வந்தால் கூப்பிடுவாள். அப்படித்தான் அம்மா ஒல்லாந்துக் கலண்டரைப் படித்தாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் சிவப்பு அங்கி போட்ட ஒரு தாடிக்காரச் சாமியார் வெள்ளைக் குதிரையில் வருவாராம். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றி வைத்து, குதிரைக்கென்று அதற்குள் ஒரு கரட் வைக்க வேண்டுமாம். விடிந்தால் கரட் இருக்காது, மிட்டாய் இருக்கும். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடி ஆத்தி! செருப்புக்குள்ளயா திங்கிறத வைப்பாங்க?" ஏப்ரலில் ராசா பிறந்த நாள். ஊரே ஆரஞ்சு உடுப்பு. பிள்ளைகள் தெருவில் விரிப்பைப் போட்டு, விளையாடித் தீர்ந்த சாமான்களை விற்பார்கள். அக்காவின் மகள் தலையில் காகிதக் கிரீடத்தோடு பாட்டிக்கு ஒரு பழைய கரடிப் பொம்மையைக் காட்டினாள். "நம்ம சனம்தான்டி, சந்தப்புத்தி அப்பிடியே இருக்கு" என்றாள் அம்மா. பேத்தியைப் பார்த்த சந்தோஷத்தில் அன்றைக்குச் சோறே இறங்கவில்லை அவளுக்கு. மே மாதத்தில் ஒருநாள் யுத்தத்தில் செத்தவர்களுக்காக ஊர் முழுக்க இரண்டு நிமிஷம் வாய் பேசாமல் நிற்குமாம். அதைச் சொன்னபோது மட்டும் அம்மா கேள்வி கேட்கவில்லை.

ஒருமுறை அக்கா போனைப் பிடித்துக்கொண்டே தன் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். அடுப்படி, மாடி, பிள்ளைகள் அறை. கக்கூஸ் கதவையும் திறந்தாள். சுவரில் ஒரு கலண்டர், அதில் வீட்டு ஆட்களின் பிறந்த நாட்கள். அம்மாவின் அடையாள அட்டையில் இருக்கிற பிறந்த தேதிக்கு நேரே அம்மா பெயர், பேனையால் எழுதியிருந்தது. நான் அதை வாசித்துச் சொன்னதும் அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எம் பேரக் கொண்டுபோயி கக்கூசுலயா எழுதி வச்சிருக்கா? வேற செவரே இல்லியா அந்த வூட்டுல?"

அங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான், தினமும் கண்ணில் படும், யாருடைய நாளும் மறக்காது என்று அக்கா விளக்கினாள். இன்னொன்றும் சொன்னாள். அங்கே ஒருவருக்குப் பிறந்த நாள் என்றால் அவருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். 'உங்கள் மகளுக்கு வாழ்த்துகள்' என்று அம்மாவுக்கும் கை கொடுப்பார்கள். அடுத்து வந்த தன் பிறந்த நாளில் அக்கா கூப்பிட்டு, எங்கேயோ பழகிய தமிழில், "அம்மா, வாழ்த்துகள்" என்றாள். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். கைநாட்டு வைத்தவளுக்கு வாழ்த்தா என்று இருந்திருக்கும்.

கிறிஸ்துமஸின் முதல் நாள் தன்னை வளர்த்த அம்மா அப்பாவோடு, இரண்டாம் நாள் மாமியார் வீட்டில் என்று அக்கா சொன்னபோது, "அப்ப நமக்கு மூணாம் நாளு இல்லியான்னு கேளுடி" என்றாள் அம்மா. நான் கேட்டேன். அக்கா சிரித்தாள். மூன்றாம் நாள் என்று அங்கே ஒன்று இல்லையாம், சும்மா பகிடிக்கு, சிரிப்பதற்காகச் சொல்வார்களாம், அன்றைக்கு எல்லாரும் கடைக்குப் போவார்களாம். பிறகு சிரிப்பை நிறுத்தி, "மூன்றாம் நாள் அம்மாவுக்கு" என்றாள். சொன்னபடி வருஷா வருஷம் கூப்பிட்டாள்.

அப்படி ஒரு மூன்றாம் நாளில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பின்னேரம், லயத்துக்கு வெளியே மழை. அக்கா என்னிடம் கேட்டாள்: "ராசா பிறந்த நாளோடு பிள்ளைகளுக்கு இரண்டு வார லீவு வருகிறது. நான் வரட்டுமா? அம்மாவுக்கு விருப்பமா என்று கேட்டுச் சொல்."

அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். என் கண்ணுக்கு அம்மா தெரியவில்லை. அக்கா வீட்டுக் கக்கூஸின் வெள்ளைத் தரைதான் தெரிந்தது. எங்களுடையது லயத்துக் கோடியில், ஆறு குடும்பத்துக்கு ஒன்று, தகரக் கதவு, தாழ்ப்பாளுக்குப் பதில் கயிறு. அவளை அங்கே வாளியோடு அனுப்புவதா? டீச்சர் என்று சொல்லிக்கொள்கிறேனே! மேட்டில் எங்களுக்கென்று தொடங்கிய தனி வீடு ஜன்னல் மட்டத்தோடு நின்றிருந்தது. அது முடியட்டும் என்று நினைத்தேன். வெட்கம் கெட்ட வெட்கம்.

"என்னாடி சொல்றா?" என்றாள் அம்மா.

"புள்ளைங்களுக்கு லீவு வருதாம்மா."

அக்காவிடம் இங்கிலீஷில், "அம்மா இப்போது வேண்டாம் என்கிறாள், வீடு முடிந்ததும் வரச் சொல்கிறாள்" என்றேன். அக்கா சரி என்றாள். ஆடி மாதத்தில் இன்னொரு தடவை கேட்டாள். வீடு அப்போதும் ஜன்னல் மட்டம்தான். நானும் அதே பதில்தான்.

அதற்குப் பிறகு அம்மா என்னைக் கேட்காத வாரம் இல்லை. "பெரியவ எப்பத்தான்டி வருவா?"

"அங்க லீவு இல்லம்மா."

"அத்தன பெருநாளு இருக்கு. ரெண்டு ரெண்டு நாளா வேற கொண்டாடுறாங்க. லீவு இல்லியா?" என்பாள். பிறகு அவளே, "கூப்புட நமக்கு என்னா உரிமை இருக்கு? அனுப்புனவ நான்தான" என்பாள். பக்கத்துக் காம்பரா அத்தை ஒருநாள், "பெத்த மனம் பித்து, புள்ள மனம் கல்லு" என்று இழுத்தார். அம்மா சீறினாள். "எம் புள்ளைய கல்லுங்காத. அவளுக்கு லீவு இல்ல." நான் அங்கேயே உட்கார்ந்து மாணவர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் அம்மாவுக்குச் சளி பிடித்து, மூச்சு இரைத்து, ஆஸ்பத்திரியில் நாலே நாளில் எல்லாம் முடிந்தது. கடைசி நாள் அவள் அக்காவைப் பற்றிக் கேட்கவில்லை. பேச மூச்சு இல்லை. அம்மாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிய எடுப்பை அக்கா போனில் பார்த்தாள். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு நேரில் வந்தாள், கொழும்பிலிருந்து ரயிலில், தனியாக. லீவு கேட்டதும் கொடுத்தார்களாம்.

வந்த அன்றே, "டொய்லட் எங்கே?" என்று கேட்டாள். நான் காட்டினேன். வாளியை எடுத்துக்கொண்டு போனாள், வந்தாள், கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தாள். அவ்வளவுதான். இதற்காகவா என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

காரியம் முடிந்து சனம் கலைந்த பிறகு இருவரும் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். அக்கா அம்மாவின் சேலை ஒன்றை மடித்துக்கொண்டே சொன்னாள்: "இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அம்மா வேண்டாம் என்றார். பெற்றவுடன் ஒரு தடவை வேண்டாம் என்றவர். மூன்றாவது தடவை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை."

பொய்யோடு இனி இருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. "அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். நீ கேட்டதே அவளுக்குத் தெரியாது" என்றேன். கக்கூஸைச் சொன்னேன், வீட்டைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். மெல்லிய குரலில் ஒன்று மட்டும் கேட்டாள். "அப்படியென்றால், அம்மாவுக்கு நான் வேண்டும் என்று இருந்ததா?"

"தினமும்" என்றேன்.

சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் தோளில் கை வைத்தேன். அவள் என் கையை எடுத்துக் கீழே வைத்துவிட்டாள்.