ஞானமேரி சேர்த்த ஒரு வரி

ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூருக்கு ஏழெட்டு மைல் இப்பால், பெரிய தொலைநோக்கி வைத்த நிலையம் ஒன்றில் ஞானமேரி வேலை பார்த்தாள். அங்கே நாற்பது பேர் இருந்ததாக வருகைப் பதிவேடு சொல்லும். அவளைக் கேட்டால் நாலு பேரின் முகத்தைக்கூடச் சொல்லத் தெரியாது. நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு இரவில்தான் பிழைப்பு. விடிந்ததும் ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிப்போவார்கள். அவளுக்கோ பகல் வேலை. காலை எட்டு மணிக்கு அவள் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழையும்போது அங்கே யாரும் இருக்கமாட்டார்கள், மாலை ஆறுக்கு அவள் குவார்ட்டர்ஸுக்குப் போன பிறகுதான் அவர்கள் வருவார்கள். தூங்குகிறவர்களை எழுப்பக்கூடாது என்று வளாகத்தில் பகலில் உரக்கப் பேசுவதற்கே தடை. இப்படி ஒரு சட்டம் போட்டவர் தனியாக இருந்து பார்த்தவராக இருக்க முடியாது.

கணியம்பாடிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் மூத்த பெண் அவள். வேலூரில் பௌதிகம் படித்தாள். பெண் பார்க்க வந்த மூன்று பேருக்கும் பலகாரம் பிடித்திருந்தது, படிப்புதான் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. மூன்றாவது ஆளும் போனபின் வீட்டில் தங்கை சாந்தாமேரிக்கு முடித்துவைத்தார்கள். ஞானமேரி பரீட்சை எழுதி, பெங்களூரில் எட்டு மாதம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, 1977இல் மலையேறினாள். வயது அப்போது முப்பத்துமூன்று. தங்கையிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். இரண்டிலும் ஊரில் எல்லாரும் சுகம் என்றிருக்கும்.

பீரோ உயரத்துக்கு நின்ற அந்த இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். தொலைநோக்கி தரும் எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பது அதன் முக்கிய வேலை. அதைச் சுற்றி, கணக்கை நாடாவில் எழுதிவைக்கும் டேப் பெட்டி, கடிகாரம், தானே தட்டச்சு அடிக்கும் டெலிடைப் எல்லாம் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. இவற்றில் ஒன்றுக்கு ஏதாவது தேவையென்றால் ஒரு கூப்பாடு போடும். இன்டரப்ட் என்பார்கள். சாம்பார் கிளறுகிறவள் பால் பொங்கும் சத்தம் கேட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி, அடுப்பை அணைத்துவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்தில் கிளறுவாள் அல்லவா, அதேதான். கெர்னல் எனப்படும் உள்நிரலில் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஒரு துண்டு நிரல் உண்டு. அந்தத் துண்டு ஓடி முடியும்வரை இயந்திரத்துக்கு மற்றக் கூப்பாடு எதுவும் காதில் ஏறாது. ஆகவே அது சட்டென்று முடிந்துவிட வேண்டும்.

டேப் பெட்டிக்கான துண்டை எழுதியவள் ஞானமேரி. முப்பத்தெட்டு வரி. பெங்களூர்க்காரர்கள் எழுதிக் கொடுத்தது அடிக்கடி மாட்டிக்கொண்டு நின்றதால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே எழுதினாள். நன்றாகவே எழுதினாள். அதன்பிறகு அந்த இயந்திரத்தை அவளைக் கேட்காமல் யாரும் தொடுவதில்லை. அவளிடம் சொந்தம் என்று இருந்ததே அது ஒன்றுதான்.

இரண்டாவது வருஷம் ஐப்பசியில் விடாத மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. மூன்று நாள் அவள் ஒரு மனிதக் குரலைக்கூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், முப்பத்தொன்பதாவதாக ஒரு வரி சேர்த்தாள். டேப்பில் ஒரு பகுதி எழுதி முடியும்போதெல்லாம் டெலிடைப் அதன் எண்ணை அடித்து ஒருமுறை மணி அடிக்கும். அவ்வளவுதான். பரிசோதனைக்காக என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள், அந்தப் பொய்யை அவளே நம்பவில்லை. டக்டக்கென்று அடித்து டிங் என்று ஓயும் சத்தம் அறையில் யாரோ வேலை செய்துகொண்டிருப்பது போலிருந்தது. அதை அவள் எடுக்கவேயில்லை.

இரவுக்காரர்களில் அவளுக்குப் பழக்கம் என்று சொன்னால் ராஜாக்கண்ணு ஒருவன்தான், அதுவும் எழுத்தில். ஜமுனாமரத்தூர்க்காரன், நிரந்தரம் ஆகாத இரவு உதவியாளன். தினமும் பொழுது சாய்ந்ததும் வானொலியில் வரும் நேர ஒலியைக் கேட்டு இயந்திரத்தின் கடிகாரத்தை வைப்பது அவன் பொறுப்பு. மேசைமேல் ஒரு நோட்டு இருக்கும். இரவில் நடந்ததை அவன் எழுதிவைப்பான், பகலில் அவள் பதில் எழுதுவாள். வேலைக்கு நடுவே, கதவுவரை கரடி வந்து போனது, பலா பழுத்துவிட்டது என்றும் எழுதுவான். பலாவைப் பற்றி அவள் நாலு வரி பதில் எழுதியிருக்கிறாள்.

கடிகாரம் காலையில் நாலு செகண்டு பின்னால் நிற்கிறது, கொஞ்சம் பார்க்கவும் என்று அவன் இரண்டு தடவை எழுதினான். தன் நிரல்மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை. மணி வைக்கும்போது கவனம் தேவை என்று இரண்டு தடவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

1983 மார்ச்சில் சிறுகோள் ஒன்று ஒரு நட்சத்திரத்துக்கு நேராகக் குறுக்கே போனது. அது மறைந்த நொடியையும் திரும்பத் தெரிந்த நொடியையும் சரியாகக் குறிக்க வேண்டும். இன்னொரு தரம் அது நடக்க எத்தனையோ வருஷம் ஆகும். பிறகு வேறோர் ஊரில் குறித்த நேரத்தோடு ஒப்பிட்டால் இங்கே நாற்பத்தொரு செகண்டு உதைத்தது. பொறியாளர் பிலிப்ராஜ் நோட்டைப் புரட்டினார். மணி வைப்பதில் கவனம் தேவை என்று இரண்டு இடத்தில் இருந்தது. அதற்குமேல் விசாரிக்க அவருக்கு எதுவும் இருக்கவில்லை. மாதக் கடைசியோடு ராஜாக்கண்ணு வரவேண்டாம் என்றார்.

ஞானமேரிக்கு நாற்பத்தொன்று என்ற எண் உறுத்தியது. மணியைத் தப்பாக வைக்கிறவன் ஒரு செகண்டு தப்புவான், இரண்டு தப்புவான். மறுநாள், சிறுகோள் போன இரவில் ஓடிய வேகத்திலேயே டேப்பை ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் விளங்கிவிட்டது. இயந்திரத்தின் கடிகாரம் செகண்டுக்கு ஐம்பது தடவை கூப்பிடும், ஒவ்வொரு கூப்பாட்டையும் எண்ணித்தான் நேரம் நகரும். டெலிடைப்போ நிதானமான ஆசாமி, நாலு எழுத்து அடிக்கவே அரை செகண்டுக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். அது மணி அடித்து ஓயும்வரை அவளுடைய துண்டு நிரல் காத்து நின்றது. அதற்குள் கடிகாரம் இருபது தடவை கூப்பிட்டிருக்கும், கேட்க ஆளில்லை. மற்ற இரவுகளில் டேப் எப்போதாவதுதான் எழுதும், நாலு செகண்டோடு போயிற்று. சிறுகோளை விடாமல் பார்த்த அன்றைக்கு நூறு தடவைக்கு மேல் எழுதியிருந்தது.

நடந்த தவறு முழுக்க அவளுடையது. அந்த வரியை அப்போதே எடுத்துவிட்டாள். போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான், ஆனால் நாலு நாள் சொல்லவில்லை. இயந்திரத்தைப் பெங்களூர்க்காரர்களிடம் ஒப்படைத்துவிடுவார்களே என்ற பயம் இருந்தது. அதைவிட, அந்த வரி எதற்கு என்று கேட்பார்களே என்ற வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. முப்பத்தொன்பது வயதுப் பெண் சத்தத்துக்காக மணி கட்டிக்கொண்டாள் என்று பிலிப்ராஜிடம் எந்த வாயால் சொல்வது?

ஐந்தாம் நாள் சொன்னாள். அவர் எதற்கு அந்த வரி என்று கேட்டார், பரிசோதனைக்கு என்றாள். எடுத்தாயிற்றா என்றார், எடுத்தாயிற்று என்றாள். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு வேறு கோப்பைத் திறந்தார். இயந்திரத்தை யாரும் பிடுங்கவில்லை. ராஜாக்கண்ணுவைத் திரும்பக் கூப்பிடலாம் என்றார், ஆனால் அவன் மாதக் கடைசிவரை காத்திருக்காமல், அவள் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே மூட்டை கட்டிவிட்டிருந்தான். நானே போய்ச் சொல்கிறேன் என்றாள் ஞானமேரி.

சந்தை நாளன்று ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறினாள். தன் மச்சானின் கடையில் புளி நிறுத்துக்கொண்டிருந்த ராஜாக்கண்ணுவை மற்றவர்கள் காட்டித்தான் தெரிந்துகொண்டாள். ஐந்து வருஷம் எழுத்தில் பேசியவனுக்கு நரைத்த மீசை இருந்தது. அவள் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றான். நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள், வேலை திரும்ப இருக்கிறது என்றும் சொன்னாள். அவன் தராசைப் பிடித்தபடி கேட்டான்.

"அப்போ அந்த மணிய எடுத்துட்டீங்களா மேடம்?"

"எடுத்துட்டேன்."

"ராத்திரி எல்லாரும் மேல தொலைநோக்கிகிட்ட இருப்பாங்க. கீழ நான் ஒண்டிதான். அது அடிச்சா, பகல்ல வர்ற மேடம் நமக்காக வெச்சுட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சிக்குவேன்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவனுக்கும் ஆறுதல், அவளுக்கும் கௌரவம். அவளுக்கு மனசு வரவில்லை.

"உங்களுக்காக வெக்கல. எனக்குத்தான் பேச ஆளில்ல, அதான் வெச்சேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ராஜாக்கண்ணு தராசைக் கீழே வைத்தான்.

"அது தெரியாது மேடம். நோட்டுல ஒரு வரி எழுதியிருந்தா தெரிஞ்சிருக்கும்." பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னான்: "நான் வரலீங்க. மணி தப்பா வெச்சேன்னு சொன்னதுகூடப் பரவால்ல. உங்களுக்குத் தெரிஞ்சப்புறம் ரெண்டு நாள் நான் அங்கதான் வேல செஞ்சேன். நீங்க பகல்ல இருந்தீங்க, நான் ராத்திரி இருந்தேன். அந்த ரெண்டு நாளும் நோட்டுல ஒண்ணும் எழுதல நீங்க. இன்னா ஆச்சு மேடத்துக்கு, ஒடம்பு சரியில்லியான்னு கேட்டு நான்தான் எழுதிட்டு எறங்கினேன்."

அவள் அதைப் படித்திருந்தாள். பதில் எழுதாமல் பக்கத்தைத் திருப்பியிருந்தாள்.

புளி வாங்க இரண்டு பேர் வந்து நின்றார்கள். வர்றேங்க என்று அவன் அவர்கள் பக்கம் திரும்பினான். அவள் கடையோரமாக ஒதுங்கி நின்றாள். சந்தை முழுக்க ஆட்கள் கூவிக் கொண்டிருந்தார்கள், ஒருவர்கூட அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவனை அவள்தான் விட்டுவிட்டாள்.