கப்பல் மேல்தளத்தில் அம்சவல்லி வைத்த முறை

அறுபத்தோரு வயது வரைக்கும் அம்சவல்லி பகலில் படுத்தது இரண்டே தடவைதான். ஒன்று மகன் பிறந்தபோது, இன்னொன்று மகள் செம்மொழி பிறந்தபோது. அந்த இரண்டாவது தடவையும் நாலாம் நாளே எழுந்து களத்துக்குப் போய்விட்டதாக ஊரில் சொல்வார்கள். அவர் மறுத்ததில்லை.

நன்னிலத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் போய் முடிகிற ஊர் அவருடையது. கூலிக்கு நாற்று நட்டு வளர்ந்தவர், முப்பது வயதில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். நிலம் கடைமடை. மேலே இருப்பவர்கள் வயலை ரொப்பி, மாட்டைக் கழுவி, போனால் போகிறது என்று விட்ட மிச்சம்தான் அங்கே வந்து சேரும். ஒரு வருஷம் அந்த மிச்சமும் வரவில்லை. அம்சவல்லி பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. அதிலிருந்து அந்த வாய்க்காலில் யார் வயலுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று முறை வைப்பது அவர் பொறுப்பாகிவிட்டது.

கணவர் ரெத்தினம் வேறு வார்ப்பு. சும்மா இருப்பது அவருக்குக் கைவந்த கலை. வரப்பு வெட்டப் போனால் மண்வெட்டிக் காம்பில் தாடையை ஊன்றி நின்றபடியே தூங்கக்கூடியவர்.

சென்னையில் வங்கி அதிகாரியாக இருக்கும் செம்மொழி, மே மாதக் கடைசியில் கப்பல் பயணத்துக்கு மூன்று பேருக்கும் சீட்டு எடுத்துவிட்டாள். எங்கும் இறங்க வேண்டியதில்லை. சென்னையில் ஏறி, கடலில் ஒரு பகல் முழுக்க மிதந்துவிட்டு, சென்னையிலேயே இறங்குவது.

"ஏறுன எடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்குடி கப்பல்?" என்றார் அம்சவல்லி.

"மேட்டூர் திறக்க இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. வயல்ல ஒரு வேலையும் இல்லை. சாக்குச் சொல்லாம கிளம்பும்மா."

கப்பல் அறைக்குள் நுழைந்ததுமே முதல் சிக்கல் வந்தது. கட்டிலின் மேல் யாரோ வெள்ளைத் துண்டை மடித்து மடித்து, தும்பிக்கையும் காதுமாக ஒரு யானை செய்து வைத்திருந்தார்கள். அம்சவல்லி செருப்பை வாசலிலேயே கழற்றினார்.

"அது துண்டும்மா. பிரிச்சுத் துடைச்சுக்கத்தான் வச்சிருக்காங்க."

"பிள்ளையாரைப் பிரிச்சு முதுகு துடைக்கச் சொல்றியா? நல்லா இருக்கு."

அவர் யானையை மேசைக்கு மாற்றி வைத்துவிட்டு, ரெத்தினத்தின் தோள் துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கண் விழித்தால் நாலு பக்கமும் கடல். செம்மொழி அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்டிப்பாகச் சொன்னாள். "இன்னைக்கு ஒரு நாள் நீ ஒண்ணுமே செய்யக்கூடாது. மேல்தளத்துல சாய்வு நாற்காலி போட்டிருக்காங்க. போய்ப் படுத்துக் கடலைப் பாரு. அவ்வளவுதான்."

"சரி. அப்புறம்?"

"அப்புறமும் அதேதான்."

அம்சவல்லி ரெத்தினத்தைப் பார்த்தார். இந்த விஷயத்தில் அவரைக் கேட்பதுதான் முறை. இட்லி, பொங்கல், நூடுல்ஸ், கேக் நான்கையும் ஒரே தட்டில் வாங்கி வந்து சாப்பிட்டு முடித்திருந்த அவர், "முதல்ல கொஞ்சம் கஷ்டமா இருக்கும். பழகிடும்" என்று தைரியம் சொல்லிவிட்டு எங்கேயோ கிளம்பினார். செம்மொழியும் ஏதோ நடன வகுப்புக்குப் போய்விட்டாள்.

அம்சவல்லி மேல்தளத்துக்கு வந்தார். நீச்சல் குளத்தைச் சுற்றி அறுபது, எழுபது நாற்காலிகள். ஒன்றிலும் இடமில்லை. ஆனால் முக்கால்வாசி நாற்காலியில் ஆளும் இல்லை. ஒன்றில் துண்டு, ஒன்றில் ஒற்றைச் செருப்பு, ஒன்றில் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். கம்பியைப் பிடித்தபடி ஒரு வயதான அம்மாள் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார். கூத்தாநல்லூர்க்காரர், பெயர் ஜன்னத் பீவி. பேச்சுக் கொடுத்ததும் தெரிந்தது.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க அக்கா?"

"முக்கால் மணி நேரம் இருக்கும் தங்கச்சி. எல்லாத்துலயும் துண்டு கெடக்கே."

தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்த மேல்தள மேற்பார்வையாளரை அம்சவல்லி கூப்பிட்டார். நாகூர்க்காரர், ஜாஃபர் சாதிக். இருபது வருஷமாகக் கப்பல் வேலை.

"தம்பி, இதெல்லாம் யாரோடது?"

"விடியக்காலையிலேயே வந்து துண்டைப் போட்டுட்டுப் போயிடுறாங்கம்மா. அரை மணி நேரம் ஆள் இல்லேன்னா எடுத்துடலாம்னுதான் சட்டம். அதோ, போர்டுலகூட எழுதியிருக்கு. ஆனா எடுத்தா சண்டைக்கு வர்றாங்க."

ஜன்னலுக்கு வெளியே நின்று பஸ் சீட்டில் துண்டு போடுகிற கூட்டத்தை அம்சவல்லி திருவாரூர் பஸ் நிலையத்தில் பார்க்காதவர் அல்ல. ஆனால் அங்கே துண்டு போட்டவன் பின்னாலேயே ஏறி வந்து உட்காருவான்.

"அரை மணி நேரம் ஆச்சா?"

"மூணு மணி நேரமே ஆச்சு."

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார் அம்சவல்லி. துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, நான்காக மடித்து, சுவரோரப் பெஞ்சில் வரிசையாக வைத்தார். ஒற்றைச் செருப்புக்கு அதன் ஜோடியைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. முதல் நாற்காலியில் ஜன்னத் பீவியை உட்கார வைத்தார். பிறகு ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண், கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் என்று வந்தவர்களை எல்லாம் அமர்த்தினார். ஜாஃபர் சாதிக் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டார்.

அரைக்கால் சட்டையில் ஒருவர் விடுவிடுவென்று வந்தார். பெயர் தியாகராசன். குடும்பத்தில் நாலு பேர், பிடித்திருந்தது ஒன்பது நாற்காலி.

"யாருங்க எங்க டவலை எடுத்தது?"

"நான்தாங்க. மடிச்சு வச்சிருக்கேன், பத்திரமா இருக்கு."

"இது எங்க எடம்மா!"

"அப்படியா? பட்டா வச்சிருக்கீங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தியாகராசனுக்கு முகம் சிவந்தது. "காலையில அஞ்சரை மணிக்கு எந்திரிச்சு வந்து போட்டேன். சும்மா ஒண்ணும் வரலை."

"அதுக்காக ஒன்பதா? உங்களுக்குச் சொந்த ஊரு எது சார்?"

"வலங்கைமான். ஏன்?"

"அதானே பார்த்தேன். மேல்மடை!" என்றார் அம்சவல்லி. "வயல் ரொம்பி வரப்பு வழிஞ்சாலும் மடையை அடைக்க மாட்டீங்க. கீழே இருக்கிறவன் நாத்தங்கால் வெடிச்சுக் கெடக்கும்."

தியாகராசன் ஜாஃபர் சாதிக்கைப் பார்த்தார். ஜாஃபர் சாதிக் மரியாதையாக அறிவிப்புப் பலகையைக் காட்டினார்.

"சண்டை வேணாம்" என்றார் அம்சவல்லி. "ஆளுக்கு ஒரு மணி நேரம் முறை. முட்டி வலி, பிள்ளைத்தாச்சிக்கு மட்டும் ரெண்டு மணி நேரம். உங்க வீட்டு நாலு பேரும் பதினொரு மணிக்கு வாங்க. எடம் நான் வாங்கித் தர்றேன்."

பதினொரு மணிக்கு வாங்கியும் கொடுத்தார். அதற்குள் மேல்தளம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள், இந்தியில் பேசுகிறவர்கள் எல்லாரும் வந்து அம்சவல்லியிடம் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்கள். அவர் விரலை மடக்கி நேரம் சொன்னார். ஒருவருக்கும் புரியாமல் போகவில்லை. அங்கே அவர் ஒருவருக்குத்தான் உட்கார நேரமில்லை.

நடன வகுப்பு முடிந்து வந்த செம்மொழி தலையில் கை வைத்தாள். "ஒண்ணும் செய்யாதேன்னுதானே சொன்னேன்?"

"நான் என்னடி செஞ்சேன்? நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்."

பன்னிரண்டரை மணி வாக்கில் தியாகராசன் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை குரலில் தேன் வழிந்தது. "அம்மா, நீங்க வச்ச முறை ரொம்ப நியாயம். ஆனா அந்தக் குடைக்குக் கீழே ஒருத்தர் ஒன்பது மணியிலேர்ந்து எந்திரிக்கவே இல்லையே. அவருக்கு முட்டி வலியா, பிள்ளைத்தாச்சியா?"

நல்ல நிழல், நல்ல காற்று, கப்பலிலேயே சிறந்த இடம். முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு ஒரு பெரியவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குறட்டையைக் கேட்டதுமே அம்சவல்லிக்குத் தெரிந்துவிட்டது. நாற்பது வருஷமாகக் கேட்கிற குறட்டை. தொப்பி யாருடையதோ.

தளமே வேடிக்கை பார்த்தது. அம்சவல்லி போய்த் தொப்பியைத் தூக்கினார்.

"எந்திரிங்க. முறை முடிஞ்சு ரெண்டரை மணி நேரம் ஆச்சு."

ரெத்தினம் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "நீ என் பொண்டாட்டிதானே?"

"ஆமா. அதனாலதான் தண்ணியை மூஞ்சியில ஊத்தாம வாயால சொல்றேன்."

ரெத்தினம் எழுந்தார். கூட்டம் கைதட்டியது. அவர் அதைத் தமக்கான பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கும்பிடு போட்டார். தியாகராசன் காலியான இடத்தில் சாய்ந்து, திருப்தியாகக் கண்ணை மூடினார்.

சாயங்காலம் உள் அரங்கில் மாயாஜாலக் காட்சி என்று அறிவித்ததும் மேல்தளம் மொத்தமும் காலியாயிற்று. அத்தனை நாற்காலிகளும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. முறை வைக்க ஆளில்லாமல் அம்சவல்லி நடுவில் நின்றார்.

ஜன்னத் பீவி இரண்டு தேநீரோடு வந்தார். "இப்பவாவது உட்காரு தங்கச்சி."

அம்சவல்லி முதலில் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு கொஞ்சம் சாய்ந்தார். காலை எங்கே வைப்பது, கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. வயிற்றின் மேல் கோத்துக்கொண்டார். எதிரே கடல், கண்ணுக்கெட்டிய மட்டும்.

"எவ்வளவு தண்ணி பாருங்கக்கா. ஒரு நாத்தங்காலுக்கு உதவாது."

"மழையா வந்து உதவும்ல."

அது அம்சவல்லிக்குத் தோன்றியிருக்கவில்லை. ஐப்பசியில் வயலுக்கு மேல் கறுத்து வருகிற மேகம் இங்கிருந்துதானே கிளம்புகிறது? யாரும் மடை திறந்துவிடாமல், மேலே கீழே என்று பார்க்காமல் அதுபாட்டுக்கு வருகிறது. அதைப் பற்றி ஜன்னத் பீவியிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்பதற்குள் தூங்கிவிட்டார். சூரியன் இன்னும் மறைந்திருக்கவில்லை.

செம்மொழி தேடிக்கொண்டு வந்து, சத்தமில்லாமல் ஒரு படம் எடுத்து, குடும்பத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கும்போதுதான் அம்சவல்லி அதைப் பார்த்தார். வாய் நன்றாகத் திறந்திருந்தது. நாத்தனார்கள், கொழுந்தன்மார் என்று நாற்பத்தாறு பேர் பார்த்திருந்தார்கள். செம்மொழி திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

அம்சவல்லி போனைக் கிட்டேயும் தூரத்திலேயும் வைத்துப் பார்த்தார்.

"பரவாயில்லை, சேலை விலகாமத்தான் இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.