சத்தம் கேட்ட இடத்தில் வெட்டக்கூடாது

அந்தச் சனிக்கிழமை, ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கும் அம்மருட் காட்டில் நான்கு பேர் நின்றோம்.

ஒன்று நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டினேன். ஒஸ்லோவில் களஞ்சியம் ஒன்றில் பெட்டி இறக்கினேன்.

இரண்டாவது, எங்கள் மேல்மாடியில் இருந்த அக்கா. சொந்த அக்கா இல்லை. கணவர் இல்லாதவர். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை.

மூன்றாவது, அக்காவின் மகள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நோர்வேஜிய மொழி தேவைப்பட்ட இடத்திலெல்லாம் அவள்தான் எங்களுக்கு வாய்.

நான்காவது, வெடி எடுத்தவர். அப்படித்தான் அவரைச் சொல்வோம். சமாதான காலத்தில் ஊரில் மிதிவெடி அகற்றும் வேலையில் எட்டு மாதம் இருந்தவர். பிறகு இங்கே வந்து பாண் சுடும் தொழிற்சாலையில் சேர்ந்தார். அவருடைய இடது கையில் மூன்று விரல்தான்.

இது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, ஒக்டோபர் கடைசியில் நடந்தது.

காட்டுக்கு ஏன் போனோம் என்று சொல்ல வேண்டும். அந்த வசந்தத்தில் ஒரு ஞாயிறு எல்லோரும் கோயிலில் நின்ற நேரம், எங்கள் கட்டடத்தில் இரண்டு தமிழ் வீடுகளை உடைத்துவிட்டார்கள். தொலைக்காட்சியைத் தொடவில்லை. நகையை மட்டும் எடுத்துப் போனார்கள். அக்காவுக்கு நித்திரை போய்விட்டது. அவருடைய அலுமாரியில் தங்கையின் நகை இருந்தது. சமாதான காலத்தில் அக்கா ஊருக்குப் போனபோது, என் மகள் கலியாணம் வரைக்கும் உன்னிடம் இருக்கட்டும், இங்கே எதுவும் நிச்சயமில்லை என்று தங்கை கொடுத்துவிட்டது.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் சனம் நகையைத் தகரப் பேணியில் போட்டு வளவு மண்ணுக்குள் தாட்டுவிட்டுத்தான் போனது. அக்காவும் தாட்டார். ஆறு மாதம் கழித்துத் திரும்பினால் வீட்டுக்குக் கூரை இல்லை. பேணி இருந்தது. அன்றிலிருந்து அவருக்கு மண்ணில்தான் நம்பிக்கை.

அதனால் ஒரு விடியற்காலை பால்மாப் பேணியில் நகையைப் போட்டு, மூடியைப் பசைநாடாவால் சுற்றி, கட்டடத்துக்குப் பின்னாலிருக்கும் காட்டுக்குக் கொண்டுபோனார். பனிச்சறுக்குப் பாதை தொடங்கும் இடத்தில் முதல் விளக்குக் கம்பம். அதிலிருந்து மேட்டுப் பக்கம் நேரே பன்னிரண்டு காலடி. ஒரு வெள்ளை மரத்தின் அடியில் தாட்டார். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

செப்டம்பரில் தங்கை மகளுக்குக் கலியாணம் முற்றாகி நாளும் வைத்தார்கள். அக்கா போய்க் கிண்டினார். பேணி இல்லை. ஐந்து தரம் போனார். இல்லை. ஒக்டோபரில் பாதையோரம் சிவப்பு முளைகள் அடித்தார்கள். மகள் அறிவித்தலை வாசித்தாள். பாதையை அகலமாக்கும் அடுத்த பகுதி வேலை, திங்கட்கிழமை இயந்திரம் வரும் என்று இருந்தது.

அன்றிரவு அக்கா எங்கள் படியில் வந்து இருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"தாட்டுத் தொலைச்சிட்டன் எண்டு சொன்னால் ஆர் தம்பி நம்புவினம்? வித்துச் சாப்பிட்டுட்டாள் எண்டுதான் சொல்லுவினம். என்ரை தங்கச்சியே அப்பிடித்தான் நினைக்கும்."

நான் வெடி எடுத்தவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நான்கு பேரும் சுரங்கரயிலில் நகரத்துக்குப் போனோம். உலோகம் தேடும் கருவியும் தங்கம் அரிக்கும் சாமானும் விற்கும் சின்னக் கடை. சுவரில் பச்சைத் தட்டுகள் தொங்கின. தேடும் கருவியை வார இறுதிக்கு வாடகைக்குத் தருவார்கள். கடைக்காரர் தாடிக்காரர், நல்ல மனிதர். என்னவோ கேட்டார்.

"தங்கமோ தேடப் போறீங்கள் எண்டு கேக்கிறார்" என்றாள் மகள்.

அக்கா அவளுடைய கையைப் பிடித்து நுள்ளினார். "நீ சொன்னனியோ?"

"ஐயோ அம்மா, வாற எல்லாரையும் அவர் அப்பிடித்தான் கேப்பார். கடையைப் பாருங்கோ."

மண் கிண்டுகிற ஆயுதங்கள் ஒரு பக்கம் இருந்தன. நான் முதலில் எடுத்தது பெரிய பிக்காசு. பிடியிலிருந்து முனைவரை ஒரே இரும்பு. தலையில் காந்தம் பதித்திருந்தது. கிண்டிய மண்ணில் கிடக்கும் இரும்புத் துண்டுகளை அது இழுத்துவிடும், தங்கம் தேடுகிறவர்களுக்கு வசதி என்றார் கடைக்காரர். எனக்கு அதன் பாரம் பிடித்தது. கிணறு வெட்டினவனுக்குக் கையில் பாரம் தெரிய வேண்டும்.

வெடி எடுத்தவர் அதைத் தொடவில்லை. மரப்பிடி போட்ட குட்டிப் பிக்காசு ஒன்றை எடுத்தார். தலை கோழிச் சொண்டு மாதிரி ஒடுக்கம். வேர் அறுக்கப் பல்லு வைத்த கைக்கரண்டி ஒன்றும் எடுத்தார்.

"என்ன தம்பி, கத்தரிக்கண்டு நடப் போறீரோ?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "உங்கடையிலை காந்தம் இருக்கு அண்ணை. மெசினுக்குக் கிட்டக் கொண்டு வந்தால் முதல் அதுக்குத்தான் கத்தும்."

"தள்ளி நிண்டு வெட்டுறன்."

கடைக்காரர் என்னுடையதைக் காட்டி மகளிடம் ஏதோ சொன்னார்.

"மாமா, நிலத்துக்குக் கீழை வயர் இருக்கிற இடமெண்டால் மரப்பிடிதான் நல்லதாம்."

"காட்டுக்குள்ளை என்ன வயர்?" என்றேன். பெரியதையே வாங்கினேன்.

சனிக்கிழமை காலை காட்டுக்குப் போனோம். முதல் பிழை என் காலில் இருந்தது. வேலைச் சப்பாத்தோடு போயிருந்தேன். களஞ்சிய வேலைக்காரர் எல்லோரும் போடுகிறதுதான், முனையில் இரும்பு வைத்தது. வீட்டில் வேறு நல்ல சப்பாத்து இருந்ததும் இல்லை. கருவி எனக்குக் கிட்ட வந்தபோதெல்லாம் கத்தியது. அக்கா ஒவ்வொரு தரமும் நெஞ்சில் கை வைத்தார். கடைசியில் சப்பாத்தைக் கழற்றிப் பாதையோரம் வைத்துவிட்டுக் காலுறையோடு நின்றேன். பாசி ஈரம். சொல்ல வெட்கம், ஒரு மணித்தியாலத்தில் கால் விறைத்துவிட்டது.

வெடி எடுத்தவர் தொடங்குமுன் ஒன்று சொன்னார். "சத்தம் கேட்ட இடத்திலை வெட்டக்கூடாது. ஒரு சாண் தள்ளித் தொடங்கி, பக்கத்தாலை மெல்ல மெல்லப் போகவேணும்."

"இது பால்மாப் பேணி தம்பி. வெடிக்காது."

"வெடிக்காது. ஓட்டையாகும்."

அக்கா கம்பத்திலிருந்து பன்னிரண்டு அடி நடந்து காட்டினார். ஒன்றுமில்லை. இடது பக்கம் பார்த்தோம், வலது பக்கம் பார்த்தோம். வெள்ளை மரமெல்லாம் ஒன்றுபோல இருந்தன. சத்தம் வந்தது. போத்தல் மூடி. ஆணி. சறுக்குத்தடியின் முனை. மறுபடியும் போத்தல் மூடி. அவர் ஒரு சாண் தள்ளிப் பக்கத்தால் போனார். நான் சத்தத்தின் தலையிலேயே போட்டேன். எனக்கு இரண்டு வெட்டு, அவருக்குக் கால் மணித்தியாலம். மனதுக்குள் சிரித்தேன்.

நாயோடு வந்த ஒருவர் நின்று பார்த்தார். எங்களிடம் ஒரு அனுமதியும் இல்லை. நான் பிக்காசைக் காலுக்குப் பின்னால் மறைத்தேன். அம்மாவின் மோதிரம் விழுந்துவிட்டது என்று மகள் அவருடைய மொழியில் சொன்னாள். அவர் என் காலுறையைப் பார்த்தார். பிறகு, கிடைக்கட்டும் என்று சொல்லிப் போனார்.

ஐந்தரை மணிக்குப் பத்தொன்பது குழி. இருட்டத் தொடங்கியது. பாதை விளக்குகள் தாமாக எரிந்தன. வெளிச்சம் வந்தது நல்லது என்று நினைத்தேன்.

அக்கா தேநீர் ஊற்றினார். வெடி எடுத்தவர் கருவியை மரத்தில் சாத்திவிட்டு வாங்கினார். அக்கா அவருடைய கையைப் பார்த்துக் கேட்டேவிட்டார்.

"உந்த விரல் மிதிவெடியிலை போனதே தம்பி?"

"இல்லையக்கா. அங்கை எட்டு மாதம், ஒரு கீறலும் இல்லை. இது இஞ்சை. பாண் வெட்டுற மெசின். வேலை முடிய அஞ்சு நிமிசம் இருந்தது. பஸ்ஸைப் பிடிக்க அவசரப்பட்டிட்டன்."

நான் என் கோப்பையைக் கீழே வைத்தேன். திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. கருவியை நான் எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போனேன். சில அடியில் கத்தியது. மூடிக்குக் கத்துகிற மாதிரி இல்லை. பெரிய சத்தம், நிறுத்தாத சத்தம்.

அக்கா தேநீரைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "அதுதான் தம்பி! அதுதான்! வெட்டுங்கோ!"

கருவியை மகளிடம் கொடுத்தேன். பிக்காசைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு போடு போட்டேன். நல்ல ஆழம் இறங்கியது. இழுத்து எடுத்து இரண்டாவது தரம் தூக்கினேன்.

"அண்ணை. தூக்கின கையைக் கீழை விடாதேங்கோ."

அவர் கத்தவில்லை. ஓடியும் வரவில்லை. எந்தெந்த இடத்தில் நாங்கள் கால் வைத்திருந்தோமோ அதே இடங்களில் கால் வைத்து நடந்து வந்தார். அந்த நடையைப் பார்த்ததும் என் கை மேலேயே நின்றுவிட்டது.

"அக்கா பின்னுக்குப் போங்கோ. தங்கச்சி, நீரும்தான். அண்ணை, அப்பிடியே ரெண்டடி பின்னுக்கு. பிறகு கீழை வையுங்கோ."

வைத்தேன்.

அவர் கருவியை வாங்கி என் குழிக்கு மேல் பிடித்தார். கத்தியது. ஒரு அடி தள்ளிப் பிடித்தார். கத்தியது. இன்னும் ஒரு அடி. அங்கேயும் கத்தியது. பக்கவாட்டில் கொண்டுபோனார். நின்றுவிட்டது.

"பேணி இவ்வளவு நீளமில்லை" என்றார்.

பிறகு குழியிலிருந்து ஒரு சாண் தள்ளி முழங்காலில் இருந்தார். குட்டிப் பிக்காசால் பாசியைச் சுரண்டினார். கரண்டியால் மண்ணை எடுத்தார். கறுப்பாக ஒன்று தெரிந்தது. பெருவிரல் தடிப்பு. பாதை விளக்குக்குப் போகும் மின்கம்பி. எங்கள் தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் ஈரக் காலுறையோடு நின்றேன். காலடியில் முழு இரும்பு.

பிக்காசை அங்கேயே விட்டு இன்னும் இரண்டடி பின்னால் போனேன். மகள் நிலத்தில் இருந்துவிட்டாள். "காணும். விடுங்கோ தம்பி, போவம்" என்றார் அக்கா. "நகை போனால் போகட்டும்." அவர் அதைச் சொன்னது அன்று அந்த ஒரு தரம்தான்.

வெடி எடுத்தவர் எழும்பவில்லை. கம்பி போகும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தக் கம்பம் எப்ப வந்தது?"

"முந்தியே நிண்டதுதானே."

"வடிவாப் பாருங்கோ. கம்பத்து மரம் இன்னும் பச்சை. புதுசு."

சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கம்பி அக்கா காட்டிய கம்பத்திலிருந்து வளைந்து, பற்றைக்குள் இருபது அடி போனது. அங்கே பாசியைக் காலால் விலக்கினார். நிலமட்டத்துக்கு அறுத்துவிட்ட பழைய கம்பத்தின் அடி. கோடையில் பாதையின் வளைவை நிமிர்த்தியபோது கம்பத்தைத் தள்ளி நட்டிருக்கிறார்கள். அக்கா ஒன்றரை மாதமாகப் புதுக் கம்பத்திலிருந்து அடி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்கா பழைய அடிக்கட்டையில் குதிக்காலை வைத்தார். மேட்டுப் பக்கம் திரும்பினார். வாய்விட்டு எண்ணினார். பதினொன்று. பன்னிரண்டு. முன்னால் ஒரு வெள்ளை மரம்.

கருவி கத்தியது. ஒரு இடத்தில் மட்டும். வட்டமாக.

"நீங்கள் வெட்டுங்கோ அண்ணை" என்றார் அவர்.

"நான் மாட்டன்" என்றேன்.

குட்டிப் பிக்காசை என் கையில் வைத்தார். ஒரு சாண் தள்ளித் தொடங்கினேன். பக்கத்தால் போனேன். அரை மணித்தியாலம் எடுத்தது. ஐம்பது வயதில் வெட்டப் பழகினேன். பேணி துருப்பிடித்துக் கடதாசி மாதிரி ஆகியிருந்தது. பெரியதால் ஒரு போடு போட்டிருந்தால் முனை நகைக்குள்ளால் போயிருக்கும். கையால் தூக்க அடி கழன்று துணிப்பொட்டலம் மடியில் விழுந்தது. அக்கா அவிழ்த்து எண்ணினார். எல்லாம் இருந்தன. இன்னொரு தரம் எண்ணினார். பிறகு அழுதார்.

"இனியாவது பாங்கிலை வையுங்கோ அம்மா" என்றாள் மகள்.

"பாங்கை மட்டும் கள்ளர் உடைக்கமாட்டினமோ?" என்று மூக்கைத் துடைத்தார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிய நேரமெடுத்தது.

குழிகளை மூடினோம். கடைசியாக மின்கம்பிக் குழி. மூடுமுன் நான் கேட்டேன்.

"எவ்வளவு விட்டுப் போனது? அளந்து சொல்லும்."

"வேண்டாம் அண்ணை. முடிஞ்சுது."

"சொல்லும்."

அவர் முழங்காலில் இருந்தார். என் பிக்காசு முனை இறங்கி நின்ற இடத்துக்கும் கம்பிக்கும் நடுவில் இடது கையை நுழைத்தார். கை மட்டுமட்டாகத்தான் நுழைந்தது. நான் குனிந்து பார்த்தேன்.

அந்தப் பெரிய பிக்காசு நிலவறையில் கிடக்கிறது. பிறகு அதைத் தொடவில்லை. வேலையிலோ வீட்டிலோ கை அவசரப்பட்டு மேலே போகும்போது, ஈர மண்ணுக்குள் இருந்த அந்தக் கைதான் எனக்குத் தெரிகிறது. எனக்கு மிச்சமாக இருந்த ஆயுளின் அளவு அன்று அவ்வளவுதான்.

மூன்று விரல்.