லைன் வீட்டில் அம்மை போட்டிருந்தபோது

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு கோடைகாலம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தெருவில், லைன் வீடு ஒன்றில் குடியிருந்தேன். ஒரே வரிசையில் ஆறு வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாயடி, ஒரு துணி துவைக்கும் கல், ஒரு வேப்பமரம்.

நான் பனியன் வேலைக்காக அங்கே போகவில்லை. எங்கள் கிறிஸ்தவ சபைக்காரர்களை வெளியில் மார்மன் என்பார்கள். சபையின் இளைஞர்கள் படிப்பையோ வேலையையோ நிறுத்திவிட்டு, இரண்டு வருடம் வேறு ஊரில் வீடு வீடாகப் போய் போதிக்கும் ஊழியம் செய்வது வழக்கம். கல்லூரியில் படிக்கும்போது நான் சபையில் சேர்ந்தேன். சென்னையில் என் அம்மாவும் வீட்டில் மற்றவர்களும் இன்றுவரை அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள்தான்.

ஊழியத்தில் யாரும் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். தூங்குவது, சமைப்பது, ஜெபிப்பது, தெருத் தெருவாக சைக்கிள் மிதிப்பது எல்லாம் சேர்ந்துதான். ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் மறையக் கூடாது. மீசை கூட சரியாக முளைக்காத எங்களுக்கு 'எல்டர்' என்று பட்டம். அதற்கு மூத்தவர் என்று அர்த்தம்! வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு பேட்ஜ். அந்தக் கோலத்தில் திருப்பூரில் நடந்தால் பார்க்கிறவர்களெல்லாம், "ஏனுங்க சார், எந்தக் கம்பெனிங்க?" என்றுதான் கேட்பார்கள். மருந்துக் கம்பெனி ஆட்கள் என்று நினைத்து, முட்டிவலிக்கு மாத்திரை கேட்டவர்களும் உண்டு.

எனக்கு ஜோடியாக வந்த எல்டர் கோதாவரிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். என்னைவிட ஒரு வயது இளையவர். தமிழ் அரைகுறை. அதிகம் பேசமாட்டார். ஆனால் குளிக்கும்போது மட்டும் தெருவே கேட்கிற மாதிரி பாடுவார். நான் வைக்கும் சாம்பாரில் ஒரு கரண்டி மிளகாய்த்தூளைக் கொட்டிக் கலக்கி, சமையலில் குறை ஒன்றுமில்லை என்பதுபோலச் சிரிப்பார். இருபத்து நான்கு மணி நேரமும் ஒருவரோடு இருந்துகொண்டே தனியாக இருப்பது எப்படி என்று அந்த முதல் மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு கணவன் மனைவி. அவர் முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், மோட்டார் மிஷினில் பனியன் தைப்பவர். அந்த அக்காவுக்கு வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை, தைத்து வரும் பனியனில் பழுது பார்ப்பது. நாங்கள் குடி வந்த அன்று சாயங்காலம் அக்கா இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தார். எங்கள் சபையில் டீ, காபி குடிப்பதில்லை. "வேண்டாங்க, வேண்டாங்க" என்றேன். எல்டரும் சிரித்தபடி தலையாட்டிவிட்டார். அக்கா டம்ளர்களோடு திரும்பிப் போனார். அதன் பிறகு எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் கணவரும் அப்படித்தான். மதம் மாற்ற வந்தவர்கள் என்று எங்கள்மீது கோபம் போலிருக்கிறது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அந்தக் கதவை மட்டும் தட்டுவதில்லை.

ஒருநாள் காலையில் எல்டர் எழுந்திருக்கவில்லை. தொட்டால் அனலாகக் கொதித்தது. மறுநாள் முகம், மார்பு, முதுகெல்லாம் நீர்கோத்த கொப்புளங்கள். ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சின்னம்மை, பெரியவர்களுக்கு வந்தால் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும், காய்ந்து உதிரும்வரை வெளியே வரக்கூடாது என்றார். எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருந்ததால் பயமில்லை. பெங்களூரில் இருந்த எங்கள் பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். எல்டரை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டார். காய்ச்சலோடு படுத்திருந்த எல்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். அம்மா பார்த்தா பயந்துடும்." அவர் தமிழில் அவ்வளவு தெளிவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

மூன்றாம் நாள் நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று கம்பெனிக்குத் துணி வராததால் அக்காவுக்கு வேலை இல்லை, கல்லில் துவைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து எல்டர் ஜன்னி கண்டவர்போல் முனகினார். "அம்மா... மஞ்சி நீள்ளு..." நான் குடத்தை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அக்கா ஈரக்கையோடு எங்கள் வீட்டுக்குள் போய்விட்டார்.

"நீள்ளு காவாலா நாயனா?"

தண்ணி வேணுமாப்பா என்று தெலுங்கில் கேட்கிறார்! எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்டர் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தார். அந்த உப்பிய முகத்தில் கண்ணீர் வழிந்து கொப்புளத்தில் பட்டு எரிந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். அக்கா அவர் தலையைத் தூக்கித் தண்ணீர் புகட்டினார்.

"உங்களுக்குத் தெலுங்கு தெரியுமாக்கா?"

"எங்க ஊட்ல பேசறது அதுதானுங்க சார். எங்க பேச்சு வேற மாதிரி, இந்தத் தம்பி பேச்சு வேற மாதிரி. தண்ணி கேக்கறது எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே" என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். "அம்மை போட்டிருக்குது, ரெண்டு ஆம்பளைங்க உள்ள அடைஞ்சு கிடக்கறீங்க. சொல்ல வேண்டாமுங்களா?"

டாக்டர் எழுதிய மாத்திரை ஒன்று பக்கத்துக் கடையில் இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால்தான் கிடைக்கும். எல்டரைத் தனியே விட்டுப் போகக் கூடாதென்று முந்தின நாளிலிருந்து தவித்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் சொன்னதும், "நான் வாசப்படியில உக்காந்துக்கறேன், போயிட்டு வாங்க" என்று சொல்லி உட்கார்ந்தேவிட்டார்.

ஊழியத்துக்கு வந்தபின் முதல்முறையாகத் தனியாகத் தெருவில் நடந்தேன். சுதந்திரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ரோட்டைத் தாண்டும்போது பழக்கத்தில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. எல்டருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம் அந்த மருந்துக்கடை வரிசையில்தான் எனக்கு முதலில் வந்தது.

திரும்பி வந்தபோது எங்கள் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு அம்மை போட்டபோது அம்மா செருகியது நினைவுக்கு வந்தது. ஊழியக்காரன் வீட்டு வாசலில் இது இருக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து நின்றேன். உள்ளேயிருந்து எல்டர், "இருக்கட்டும். பிரேமதோ பெட்டிந்தி" என்றார். அன்பாக வைத்தது. அன்று சாயங்காலம் எங்கள் முறைப்படி அவர் தலையில் ஒரு துளி எண்ணெய் வைத்து ஜெபம் செய்தேன். வாசலில் வேப்பிலை, உள்ளே ஜெபம். இரண்டுக்கும் சண்டை ஒன்றும் வரவில்லை.

நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கியது. ஒரு மத்தியானம் அக்கா சொம்பில் கம்மங்கூழோடு வந்தார். தண்ணீர் புகட்டிய அன்றைக்குப் பிறகு அவர் உள்ளே வந்ததில்லை, இப்போதும் வாசலிலேயே நின்றார். தயங்கித் தயங்கி, "எங்க கையில வாங்கிக் குடிப்பீங்களாங்க?" என்றார்.

"என்னக்கா இப்படிக் கேட்கறீங்க?"

"இல்லீங்க, வந்த அன்னிக்கு டீ கொண்டாந்தேன். வேண்டாம்னுட்டீங்க. எப்படியோ விசாரிச்சுட்டாங்க போலன்னு நெனச்சோம்."

"என்னத்த விசாரிச்சோம்?"

அவர் சொம்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அக்கா, நாங்க யார் வீட்டிலயும் டீ குடிக்கமாட்டோம். எங்க சபையிலயே அது கிடையாது" என்றேன்.

"யார் ஊட்லயுமா? மொதலாளி ஊட்லயும்?"

"கவர்னர் வீட்டில குடுத்தாலும் குடிக்கமாட்டோம்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஏனுங்க, இங்க வாங்க! இவங்களுக்கு டீயே ஆகாதாமா!" என்று கணவரைக் கூப்பிட்டார். அவர் வந்து நின்று தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். பிறகு அவர்தான் சொன்னார். தாராபுரத்துப் பக்கம் அவர்கள் ஊர். அங்கே டீக்கடையில் அவர்கள் தெருக்காரர்களுக்குத் தனி கிளாஸ். குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். "அது வேண்டாம்னுதானுங்க இங்க வந்தோம். இங்க கேண்டீன்ல எல்லாத்துக்கும் ஒரே டம்ளர். யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க வேண்டாம்னதும், அட, இங்கயும் வந்துருச்சான்னு இருந்துச்சு."

நாங்கள் கூழைக் குடித்தோம். எல்டர் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். இந்த ஊரில் எத்தனை வாசலில் நின்று, காரணம் சொல்லாமல், சிரித்துக்கொண்டே "வேண்டாங்க" என்றிருப்பேன்!

எல்டர் தேறி எழுந்த கொஞ்ச நாளில் அக்காவின் கணவருக்கு அம்மை போட்டது. எங்களிடமிருந்துதான் போயிருக்கிறது. ஷிப்மென்ட் நேரம், இரவு பகலாகக் கம்பெனி ஓடுகிறது. அந்த நேரத்தில் டெய்லர் படுத்துவிட்டால் அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். அக்காவும் லீவு போட்டால் இரண்டு வேலையும் போய்விடும். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அக்கா கை காட்டி நிறுத்தினார். "அது காத்துல வர்றது கண்ணு. நீ கொண்டாந்து குடுத்தயா?" அன்றிலிருந்து நான் சாரில்லை, கண்ணு. அவர் கணவர் எங்களுக்கு அண்ணன்.

"நீங்க வேலைக்குப் போங்க. நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கறோம்" என்று எல்டர் தெலுங்கில் சொன்னார். வேப்பமரத்தில் ஏறிக் கொத்து ஒடித்து வந்து அவர்கள் வாசலில் செருகியதும் எல்டர்தான்.

அந்த நாட்களில் டையெல்லாம் ஆணியில் தொங்கியது. லுங்கி கட்டிக்கொண்டு கஞ்சி காய்ச்சினோம். தண்ணீர் வரும் நாளில் இரண்டு வீட்டுக் குடங்களையும் நிரப்பினோம். எல்டர் தன் மிளகாய்த்தூளை மறந்து, உப்பில்லாக் கஞ்சியை அண்ணனுக்குப் புகட்டிவிட்டு, அதையே தானும் குடித்தார். இருவரும் தெலுங்கில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஒரே வார்த்தைக்கு இவர் ஒன்று சொல்ல, அவர் வேறொன்று சொல்ல, சிரிப்பு அடங்காது. அதிகம் பேசாத ஆள் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தவர்! அவர் பேச ஆளில்லாமல்தான் இருந்திருக்கிறார். எனக்குப் பத்து தெலுங்கு வார்த்தையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அண்ணனே வாத்தியாரானார்.

ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட அந்த வீட்டில் நாங்கள் பேசவில்லை. அண்ணன் தேறி வேலைக்குப் போனார். நல்லவேளையாக, அவர் மிஷின் அவருக்கே கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் தம்பிக்கு ஊரில் கல்யாணம். எங்களைக் கட்டாயம் வரச் சொன்னார்கள். அக்கா முன்னமே ஊருக்குப் போயிருந்தார். பெங்களூரில் அனுமதி வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டை டையோடு நாங்கள் அண்ணனுடன் போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கி ஊருக்குள் நுழைந்ததும் அண்ணன் நடை மாறிவிட்டது. தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது. எங்களோடு பேசிக்கொண்டு வந்தவர் பின்தங்கி, நாலடி தள்ளி நடந்தார்.

அந்த ஊரில் நிலபுலன் உள்ள தோட்டத்துக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். அண்ணனை விட்டுவிட்டு எங்களிடம், "ஏனுங்க சார், யாரைப் பாக்கோணும்? அந்தப் பக்கம் போறீங்க, அது அவங்க தெருவுங்களே?" என்றார்.

நான் பதில் தேடுவதற்குள் எல்டர் தன் உடைந்த தமிழில், "எங்க அண்ணன் வீடு சார். எங்க வீட்டுக் கல்யாணம்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி, "ரா அண்ணா" என்று கூப்பிட்டார்.

அந்த மனிதர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கல்யாண வீடு வரைக்கும் எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்து வந்தார்.

அடுத்த மாதமே எல்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். இன்றும் மாதம் ஒருமுறை போனில் பேசிக்கொள்கிறோம், பாதி தெலுங்கில். அக்காவும் அண்ணனும் எங்கள் சபைக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதை நான் தோல்வியாக நினைத்ததும் இல்லை. யாரிடமாவது ஒன்றை மறுக்க நேர்ந்தால், இப்போதெல்லாம் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறேன். நாம் சொல்லாமல் விட்ட இடத்தை எதிரில் நிற்பவர் தன் பழைய காயத்தைக் கொண்டுதான் நிரப்பிக்கொள்வார் என்பதை, போதிக்கப் போன ஊரில் நான் கற்றுக்கொண்டு வந்தேன்.