பீரோவில் பூட்டி வைத்த அவசரப் பை

ஜப்பானில் வாசலை ஒட்டிச் செருப்பு கழற்றும் இடத்தில், குடை சாத்தும் மூலையில், பல வீடுகளில் ஒரு முதுகுப் பை இருக்கும். அதை யாரும் ஊருக்கு எடுத்துப்போவதில்லை. நிலம் ஆடினால் மாட்டிக்கொண்டு ஓடுவதற்கான பை அது. ஹிஜோ புகுரோ என்பார்கள். தண்ணீர், டார்ச், கைப்பிடியைச் சுற்றினால் பாடும் ரேடியோ, விசில், டப்பா ரொட்டி, மாத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ரொட்டி கெடுவதற்குள் தின்றுவிட்டுப் புதிதாக வாங்கி வைக்க வேண்டும். வேலை முடிந்து வந்து குக்கர் வைக்கக்கூடத் தெம்பில்லாத நாட்களில் அந்த ரொட்டிதான் எனக்குச் சாப்பாடு. நான் தனி ஆள். ஆனால் என் வாசலில் இரண்டு பைகள் இருக்கின்றன.

இரண்டாவது பை கடலூர் போய்த் திரும்பி வந்தது. 2011 மார்ச்சில் இங்கே பூமி ஆடியதற்குப் பிறகு எனக்கு இந்தப் பைகளின் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. அந்த ஆண்டு லீவில் போனபோது அப்பா அம்மாவுக்கும் ஒன்று கட்டிக்கொண்டு போனேன். முதுநகரில் எங்களுடையது ஓட்டு வீடு, கடல் கூப்பிடு தூரம். அப்பாவுக்கு வீசிங் உண்டு. அதனால் இரண்டு இன்ஹேலரும் வாங்கி முன் ஜிப்பில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இது அவசரத்துக்கு, கதவுப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சொன்னேன். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் பார்த்தால் பை பாலிதீன் சுற்றி, அந்துருண்டை போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் இருந்தது. வெளிநாட்டுச் சாமானைச் செருப்புக்குப் பக்கத்தில் யாராவது வைப்பார்களா என்று கேட்டாள். நான் பிளைட் பிடிக்கிற அவசரத்தில் விட்டுவிட்டேன். அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஓடத் தெரியாது என்று சொல்ல முடியாது. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருந்தேன், இன்ஜினியரிங் கடைசி வருடம். பாதி தூரம் பஸ்ஸிலும் மீதி நடந்துமாகத் திருப்பாதிரிப்புலியூர் வந்து தேடினால், ஒரு கல்யாண மண்டபத்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே ரேஷன் கார்டும் என்னுடைய மார்க் ஷீட்டுகளும். மாற்றுப் புடவைகூட இல்லை. "என்னயக்கூட அப்புறந்தான் தேடுனா" என்று அப்பா பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அந்தக் காகிதங்கள் போனால் அம்மாவைப் பொறுத்தவரை எல்லாமே போன மாதிரி.

2011 கடைசியில் தானே புயல் அடித்தபோது எனக்கு இங்கே புத்தாண்டு விடுமுறை. ஊரில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. மூன்று நாள் போனை அழுத்தி அழுத்தி விரல்தான் தேய்ந்தது. நாலாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் கடலூருக்கு வெளியே எங்கோ போய் லைன் பிடித்துக் கொடுத்தார். அம்மாவையும் வண்டியில் கூட்டிப் போயிருந்தார்.

"பை பத்திரமா இருக்குப்பா" என்றாள் முதலில். "ஓடு பறந்துடுச்சு. பீரோ மேல தார்ப்பாய் போட்டு மூடிட்டேன். உள்ள ஒரு சொட்டு தண்ணி படல."

அப்பா எங்கே என்று கேட்டேன். பிறகுதான் சொன்னாள். எதிரிலுள்ள மாடி வீட்டில் போய் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் நாளே அப்பாவின் இன்ஹேலர் தீர்ந்துவிட்டது. ரோடெல்லாம் மரம், எந்த மருந்துக்கடையும் திறக்கவில்லை. மூச்சு வாங்கி வாங்கி அவர் உட்கார்ந்தபடியே கிடந்திருக்கிறார். இரண்டாம் நாள் நாலு பேர் பிடித்து, விழுந்த மரங்களைத் தாண்டித் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இப்போது தேவலாமாம்.

"பையில ரெண்டு இன்ஹேலர் இருக்கேம்மா. எடுக்கலியா?"

"அது அவசரத்துக்குன்னு சொன்னியே."

"இது அவசரம் இல்லியா?"

"இல்லப்பா, இதவிட ஜாஸ்தியா ஏதாவது வந்தா எடுக்கலாம்னு இருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. இதைவிட ஜாஸ்தியாக ஒன்று வரும் என்றே அவள் ஆயுசு முழுக்க எல்லாவற்றையும் எடுத்து வைத்தவள். தங்களுக்கு நடப்பது எதுவும் அவளுக்கு அவசரமாகத் தெரிந்ததில்லை.

பொங்கலுக்குப் போனபோது பையைப் பிரித்து, இன்ஹேலரை அப்பா தலைமாட்டிலும், டார்ச்சையும் ரேடியோவையும் ஜன்னலிலும் வைத்துவிட்டு வந்தேன். இங்கே வந்து பெட்டியைத் திறந்தால் காலி செய்த அந்தப் பை இருந்தது. உள்ளே என் மார்க் ஷீட்டுகள், பாலிதீன் சுற்றி. போன் செய்தால், இந்தக் கூரையை இனி நம்ப முடியாது, உன்னிடமே இருக்கட்டும் என்றாள்.

இந்தச் செப்டம்பரில் எங்கள் தெருவுக்கு நிலநடுக்க ஒத்திகை. காலை ஒன்பது மணிக்கு சைரன். முந்தின நாள் ஓவர்டைம் பார்த்த அசதி. ஆளுக்கு ஒரு பைதான், கைகள் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. பாதித் தூக்கத்தில் கைக்கு வந்த பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடினேன். தெருக் கமிட்டிப் பொறுப்பாளர் மொரிதா சான், எழுபதைத் தாண்டிய அம்மாள், ஒவ்வொரு பையாகத் திறந்து பட்டியலோடு சரிபார்த்தார். என் பையைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை வந்தது. தண்ணீர் இல்லை, விசில் இல்லை. காகிதங்களைப் பார்த்து, வீட்டுப் பத்திரமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில், பள்ளிக்கூட மார்க் என்றேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்துவிட்டு, நல்ல மார்க் வாங்கியிருப்பீர்கள் என்றார். பிறகு பட்டியலில் வரிசையாகப் பெருக்கல் குறி போட்டு, தன் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அன்று மாலை அம்மாவுக்குப் போன் செய்தேன். டார்ச் ஜன்னலில்தானே இருக்கிறது என்று கேட்டேன். பீரோவில் வைத்திருக்கிறாளாம், தூசி படுகிறதாம். இன்ஹேலர் மட்டும் அப்பா தலைமாட்டில் இருக்கிறது. அதுவரைக்கும் சரி. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், திட்டவில்லை. காலையில் மைதானத்தில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றபோது எனக்குத் தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மொரிதா சான் கொடுத்த தண்ணீர் கையிலேயே இருந்தது. நான் குடிக்கவில்லை. மூடியைத் திருகாமல், மார்க் ஷீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பை மூடினேன்.