திறக்கக் கூடாத மூடி

மனைவி மறைந்தபின் சமையல் பழகத் தொடங்கிய எனக்கு, மகள் ‘ஸ்லோ குக்கர்’ என்னும் மின்பானையை வாங்கித் தந்தாள். குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம். இடையில் மூடியைத் திறந்தால் சூடு போய்விடும். அதுவே முதற்பாடம்.

ஒருநாள் காலை, ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலைக்குச் செல்லும் பக்கத்து வீட்டுப் பெண்மணி தம் பங்குக் கொண்டைக்கடலையையும் அதில் இட்டுச் சென்றார்.

நண்பகலில் தொலைவில் ஓர் ஓசை எழுந்தது. பானையின் கண்ணாடி மூடி மெல்ல நடுங்கியது. அவரைக் கைப்பேசியில் அழைத்தேன். பூட்டிய பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் மணி ஒலித்தது. ஆலைக்குள் கைப்பேசிக்கு இடமில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வேறெதுவும் அறிய வழியின்றிப் பானையின் முன் அமர்ந்தேன். அதில் கொதியோசையும் இல்லை. உள்ளே ஏதேனும் நிகழ்கிறதா என்று மூடியைத் திறந்தேன், மூடினேன், மீண்டும் திறந்தேன்.

மாலையில் ஆலை வேன் வந்து நின்றது. இறங்கி என் வாசலில் நின்றவரின் முகமெங்கும் பட்டாசு மருந்துத்தூளின் வெள்ளிப்பூச்சு. அம்முகத்தில் அசைவே இல்லை.

அவரே உள்ளே வந்து, மூடியைத் திறந்து, கரண்டியால் ஒரு கடலையை எடுத்துக் கடித்தார்.

“கல்லாட்டம் இருக்கே! எம்புட்டுத் தடவ தொறந்து பாத்தீக?”

“வெடித்ததே, அம்மா…”

“அது பக்கத்துக் கம்பெனி. நாங்க ஓடைக்குள்ள படுத்துக் கெடந்தோம். மூடி வைங்கய்யா, வேகட்டும்.”

மூடியை அவரே பொருத்திச் சென்றார். கண்ணாடியில் ஐந்து வெள்ளி விரல்தடங்கள் இருந்தன. அதன்பின் நான் அந்த மூடியைத் தொடவில்லை.